அக்ரிலிக் வண்ணத்தில் முதல் ஓவியம்: காய்வதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்

அம்பாசமுத்திரத்தில் பணியிலிருக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது: பள்ளி நாட்களில் போஸ்டர் கலரில் வரைந்த பழக்கம் மட்டுமே உண்டு. இப்போது பன்னிரண்டு டியூப்கள் கொண்ட அக்ரிலிக் பெட்டி ஒன்றை வாங்கி, குறுக்குத்துறை முருகன் கோயிலை வரைய முயன்றால் வானம் பட்டை பட்டையாக விழுகிறது. தட்டில் பிழிந்த வண்ணம் வேலை பாதியில் இருக்கும்போதே தோலாகிவிடுகிறது. நேற்றுக் கலந்த நிறம் இன்று வேறாகத் தெரிகிறது. எதிலிருந்து தொடங்குவது, வகுப்பில் சேர வேண்டுமா, தை மாதம் அண்ணன் வீட்டுப் பால்காய்ப்புக்கு ஒரு படத்தைப் பரிசாகத் தர முடியுமா?

நீங்கள் சொல்லியிருக்கும் மூன்று குறைகளுக்கும் வேர் ஒன்றுதான்: வண்ணம் காய்கிற விதம் இன்னும் உங்கள் கைக்குப் பிடிபடவில்லை. அக்ரிலிக்கின் அடிப்படை என்று நூல்களும் காணொளிகளும் பலவற்றை வரிசையிட்டுச் சொல்கின்றன. என் கணிப்பில், தொடக்கத்தில் கற்க வேண்டியவற்றில் பெரும்பகுதி காய்தல் என்ற இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கிறது. தட்டு, தூரிகை, நிறக்கலவை, வரையும் வரிசை, வரையும் நேரம் ஆகிய அனைத்தையும் அதற்கேற்பவே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போஸ்டர் கலரில் நிறமித் தூளைப் பிணைத்து வைத்திருப்பது பிசின். நீர் பட்டால் அது மறுபடியும் இளகும் என்பதால், காய்ந்த பிறகும் ஈரத் தூரிகையால் விளிம்பை மென்மையாக்கிக்கொள்ளலாம். பள்ளியில் உங்கள் கை பழகியது அதற்குத்தான். அக்ரிலிக்கில் நிறமியைப் பிணைப்பவை நீரில் மிதக்கும் நுண்ணிய பாலிமர் துகள்கள். நீர் ஆவியாக ஆக இத்துகள்கள் ஒன்றையொன்று நெருங்கி, நசுங்கி, இணைந்து ஒரே படலமாகிவிடுகின்றன. அதன்பின் எவ்வளவு நீர் ஊற்றினாலும் அது கரையாது. ஈரமாக இருக்கும்போது இந்தப் பாலிமர் பால்வெள்ளையாக இருக்கும், காய்ந்ததும் நிறமற்றுத் தெளிந்துவிடும். அந்த வெண்மை விலகிப்போவதால்தான் காய்ந்த நிறம் ஈரத்தில் கண்டதைவிட ஒரு படி அடர்ந்து தெரிகிறது. நேற்றுக் கலந்த நிறம் இன்று மாறியதாக உங்களுக்குத் தோன்றியதன் காரணம் இதுவே.

நீரில் கலக்கும் அக்ரிலிக் வண்ணம் ஓவியர்களுக்கென்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1950களின் நடுவில்தான். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உட்சுவர்களில் சுண்ணாம்புச் சாந்தின்மேல் தீட்டப்பட்ட ஓவியங்கள் நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கின்றன. அக்ரிலிக் அவ்வளவு காலம் நிற்குமா என்று சொல்வதற்கு அதன் வயது போதாது. எனினும் அந்தச் சுவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு வருவது தொடக்கக்காரருக்கு மிகவும் பயன்படும். காவிச் சிவப்பும் மஞ்சளும் மேலோங்கிய ஒரு சிறிய நிறத்தொகுதியைக் கொண்டு எத்தனை உருவங்களை நிறைத்திருக்கிறார்கள் என்பதை அங்கே நேரில் காணலாம்.

இனி நம் ஊரின் காற்றுக்கு வருகிறேன். வெளிநாட்டுக் காணொளிகளில், மெல்லிய பூச்சு காய்வதற்குப் பத்து முதல் இருபது நிமிடம் ஆகும் என்பார்கள். அது குளிர்ந்த அறையின் கணக்கு. பாளையங்கோட்டையில் கோடை வெயில் 38, 40 டிகிரி செல்சியஸைத் தொடும் நாட்களில், தலைக்கு மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தால், அதே பூச்சு சில நிமிடங்களில் காய்ந்துவிடும். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக வரும் மேல்காற்று இன்னும் கடுமையானது. குற்றாலத்தில் சாரல் பெய்துகொண்டிருக்கும் அதே நாட்களில், கிழக்கே சமவெளியில் இந்தக் காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வீசுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலமோ இதற்கு நேர்மாறு; காற்றில் ஈரம் இருப்பதால் வண்ணம் நிதானமாகக் காயும். நிறங்களை ஒன்றோடொன்று இழைத்துப் பழகுவதற்கு அதைவிட நல்ல பருவம் இங்கே கிடையாது. மற்ற மாதங்களில் வெயில் ஏறுமுன் காலையில் வரையுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். புழுக்கம் தாங்கவில்லையென்றால், மேசை விசிறியைக் கால்களின் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளலாம். படத்தின்மீதும் தட்டின்மீதும் காற்று படாதவரை தொல்லையில்லை.

தட்டில் வண்ணம் தோலாவதற்கு எளிய மாற்று, ஈரத்தட்டு. கடையில் தனியாக விற்கிறார்கள் என்றாலும் வாங்க வேண்டியதில்லை. இறுக்கமாக மூடக்கூடிய, அகலமான, தட்டையான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து, அதன் அடியில் நான்கைந்தாக மடித்த பருத்தித் துணியையோ மெல்லிய ஸ்பாஞ்சையோ விரித்து, நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள். டப்பாவைச் சாய்த்தால் நீர் ஓடக்கூடாது, விரலால் அழுத்தினால் கசிய வேண்டும். அதன்மேல் கேக் சுடும்போது விரிக்கும் பட்டர் பேப்பரை வெட்டிப் பரப்பி, அடியில் காற்றுக்குமிழி இல்லாமல் தடவிவிடுங்கள். மெழுகு பூசிய தாள் ஈரத்தைக் கடத்தாது என்பதால் அது உதவாது. இந்தத் தாளின்மேல் பிழிந்த வண்ணத்துக்குக் கீழிருந்து சிறிது சிறிதாக ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். மூடி வைத்தால் மறுநாளும் பெரும்பாலும் பயன்படுத்தும் நிலையிலேயே இருக்கும். நம் வெப்பத்தில் ஓரிரு நாட்களுக்கு மேல் விட்டால் துணி நாற்றமெடுக்கும், ஆகவே அவ்வப்போது துவைத்துப் போடுங்கள். ஆனால் அதிக அளவில் ஒரே நிறம் தேவைப்படும்போது ஈரத்தட்டில் வண்ணம் நீர்த்துவிடும் அபாயம் உண்டு. அப்போது மூடியுள்ள சிறு டப்பாக்களில் கலந்து வைத்துக்கொள்வதே நல்லது.

பன்னிரண்டு டியூப்களில் பாதியை எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். குறிப்பாகக் கறுப்பையும், பெட்டியோடு வந்த ஆயத்தப் பச்சைகளையும். டைட்டானியம் வெள்ளை, லெமன் மஞ்சள், கிரிம்சன் சிவப்பு, அல்ட்ராமரைன் நீலம், மஞ்சள் காவி என்கிற யெல்லோ ஓக்கர், பர்ன்ட் அம்பர் என்னும் கரும்பழுப்பு ஆகிய ஆறும் தொடக்கத்துக்குப் போதும். வெள்ளை மற்றவற்றைவிட மிக விரைவில் தீரும், அதை மட்டும் பெரிய டியூபாக, முடிந்தால் தரம் கூடியதாக வாங்குங்கள். மாணவர் தர வண்ணத்தில் நிறமி குறைவு, நிரப்புப் பொருள் அதிகம் என்பது உண்மைதான். பழகும் காலத்தில் அது பெரிய குறையன்று, ஒரு பூச்சுக்கு இரண்டாகப் பூச வேண்டியிருக்கும், அவ்வளவே. டியூபின் பின்புறம் நிறமியின் குறியீடு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பி.பி.29 என்றால் அல்ட்ராமரைன், பி.டபிள்யூ.6 என்றால் டைட்டானியம் வெள்ளை. டியூபில் ஒரே ஒரு குறியீடு மட்டும் உள்ள வண்ணங்களைக் கலந்தால் நிறம் தெளிவாக வரும். ஒரே டியூபில் மூன்று நான்கு நிறமிகள் சேர்ந்திருந்தால், அதை இன்னொன்றோடு கலக்கும்போது எளிதில் சேறாகிவிடும். துணியில் வரைவதற்கான ஃபேப்ரிக் வண்ணமும் அக்ரிலிக் வகைதான் என்றாலும், அது துணியோடு நெகிழ்ந்து நிற்பதற்காகத் தயாரிக்கப்படுவது, ஓவியத்துக்கு அதை நாட வேண்டாம்.

கறுப்பை ஒதுக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அல்ட்ராமரைனையும் பர்ன்ட் அம்பரையும் ஏறத்தாழச் சமமாகக் கலந்தால், டியூபில் வரும் கறுப்பைவிட உயிருள்ள ஒரு கருமை கிடைக்கும். நீலத்தைச் சற்றுக் கூட்டி வெள்ளை சேர்த்தால் மழைமேகத்தின் சாம்பல். பழுப்பைக் கூட்டி வெள்ளை சேர்த்தால் வெயிலில் காய்ந்த கருங்கல்லின் சாம்பல். குறுக்குத்துறைக் கோயிலின் சுவருக்கும், படித்துறைக்கும், ஆற்றுப் பாறைக்கும் இந்த ஒரே கலவையின் வெவ்வேறு விகிதங்கள் போதுமானவை. பச்சையில்தான் நம் பகுதி ஓவியரின் உண்மையான சோதனை இருக்கிறது. கார் சாகுபடியின் நாற்றங்கால் பச்சையில் மஞ்சள் மிகுதி: லெமன் மஞ்சளை நிறைய எடுத்து அதில் நீலத்தைத் தூரிகை நுனியளவு மட்டும் சேர்க்க வேண்டும். அல்ட்ராமரைன் சற்றே சிவப்புச் சாயல் கொண்டது என்பதால், அந்தப் பச்சை கொஞ்சம் மங்கலாகவே வரும். பளிச்சென்று வேண்டுமானால் ஏழாவது டியூபாகத் தாலோ நீலத்தை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதன் நிறவலிமை மிகப் பெரிது. கடுகளவு தவறிக் கூடினாலும் முழுக் கலவையும் நீலமாகிவிடும். பனையோலையில் அந்தப் பளிச்சென்ற பச்சை கிடையாது. அல்ட்ராமரைனோடு மஞ்சள் காவியைக் கலந்து, சிறிது வெள்ளையும் ஒரு துளி பர்ன்ட் அம்பரும் சேர்த்தால்தான் அந்தச் சாம்பல் பூத்த பச்சை வரும். எந்தப் பச்சையையும் வெளுப்பாக்க வெள்ளையை மட்டும் கொட்டாதீர்கள், நிறம் சுண்ணாம்பு அடித்தாற்போல் செத்துவிடும். மஞ்சளைச் சேர்த்தே முதலில் வெளிச்சமாக்கிப் பாருங்கள்.

கலந்த ஒவ்வொரு நிறத்தையும் படத்தில் வைக்குமுன் ஒரு துண்டுத் தாளில் தீற்றி, காயவிட்டு, அதன்பிறகு தேவையான நிறத்தோடு ஒப்பிடும் பழக்கம் வேண்டும். நம் வெயிலில் அது சில நிமிட வேலை. அந்தத் துண்டுகளின் பின்புறம் என்னென்ன சேர்த்தீர்கள் என்று எழுதி ஒரு உறையில் சேர்த்து வைத்தால், சில மாதங்களில் எந்த விற்பனை அட்டவணையிலும் கிடைக்காத ஒரு நிறக்கணக்கு உங்களிடம் இருக்கும்.

தூரிகை, தளம் ஆகிய இரண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செயற்கை இழைத் தூரிகைகளே அக்ரிலிக்குக்கு ஏற்றவை; ஒரு அங்குல அகலத் தட்டைத் தூரிகை, நடுத்தரத் தட்டை ஒன்று, ஆறாம் எண், இரண்டாம் எண் உருண்டைத் தூரிகைகள் என நான்கு போதும். பயன்படுத்தாத தூரிகையை வெளியே உலரவிட்டால் அன்றோடு அது போய்விடும்; நீரில் கிடக்கட்டும், ஆனால் மயிர் அழுந்தும்படி தலைகீழாக நிறுத்த வேண்டாம். பழகுவதற்கு 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள தாளும், பிறகு கேன்வாஸ் போர்டும் போதும். கடையில் வாங்கும் போர்டுகளில் பெரும்பாலும் ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சு ஏற்கெனவே இருக்கும். இன்னொரு பூச்சு நீங்களே கொடுத்தால் வண்ணம் தளத்தில் நன்றாகப் பற்றும்.

நிறத்தைவிட முக்கியமான ஒன்றைத் தொடக்கக்காரர்கள் தள்ளிப்போடுகிறார்கள்: ஒளியும் நிழலும். முதல் சில வாரங்கள் வெள்ளையும் பர்ன்ட் அம்பரும் மட்டும் கொண்டு, வெளிச்சத்திலிருந்து இருட்டுவரை ஐந்து படிகள் கலந்து, ஒரு மண்சட்டியைச் சன்னலோரம் வைத்து அந்த ஐந்து படிகளிலேயே வரையுங்கள். பளபளக்கும் பித்தளைச் செம்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மண்சட்டியின் மேற்பரப்பு மினுங்காது என்பதால் வெளிச்சம் எங்கே முடிந்து நிழல் எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாகத் தெரியும். இதே பாடத்தை அம்பாசமுத்திரத்துக்காரர்களுக்குப் பொதிகை மலை நாள்தோறும் நடத்துகிறது. மலை உங்களுக்கு மேற்கே இருக்கிறது. காலையில் வெயில் அதன் முகத்தில் நேராக விழுவதால், பள்ளங்களும் மடிப்புகளும் பாறை முகடுகளும் தனித்தனியே பிரிந்து, பச்சையும் பழுப்பும் தெரியும். மாலையில் சூரியன் அதற்குப் பின்னால் இறங்கும்போது விவரம் அனைத்தும் மறைந்து, முன்வரிசை அடர்ந்த நீலச் சாம்பலாகவும், அதற்குப் பின்னுள்ள வரிசைகள் படிப்படியாக வெளுத்தும் தெரியும். மாலைக் காட்சியை அல்ட்ராமரைன், வெள்ளை, துளி பர்ன்ட் அம்பர் ஆகிய மூன்றாலேயே வரைந்துவிடலாம். ஆதலால் முதல் நிலக்காட்சிக்கு மாலை மலையையே பரிந்துரைக்கிறேன். பின்வரிசை மலையிலிருந்து தொடங்கி முன்னோக்கி வந்தால், ஒவ்வொரு வரிசையும் காய்ந்த பிறகே அடுத்ததை வைக்கலாம், காய்தலின் வேகம் இங்கே உங்களுக்கு உதவிசெய்யும்.

இப்போது உங்கள் வானம். பட்டை விழுவதற்குக் காரணம், இரண்டாவது நிறத்தைக் கலந்து எடுப்பதற்குள் முதல் நிறத்தின் விளிம்பு காய்ந்துவிடுவது. முதலில் தளம் முழுவதும் நடுத்தர நீலம் ஒன்றை மெல்லிதாகப் பூசிக் காயவிடுங்கள். இதனால் தளம் ஈரத்தை உறிஞ்சுவது குறையும், இடைவெளியில் வெள்ளைப் புள்ளிகளும் தெரியா. பிறகு மூன்று கலவைகளைத் தேவைக்கு மேலாகவே தயாரித்து மூடி வையுங்கள்: உச்சி வானத்துக்கு அல்ட்ராமரைன் மிகுந்தது, நடுவுக்கு வெளிறியது, அடிவானத்துக்கு வெள்ளையில் மஞ்சள் காவி சிறிது சேர்ந்தது. தளத்தின்மேல் ஸ்பிரே பாட்டிலால் லேசாக நீர் தெளித்து, அகலத் தூரிகையால் மேலிருந்து ஒரு ஓரம் முதல் மறு ஓரம்வரை நிற்காமல் இழுங்கள். தூரிகையைக் கழுவாமலேயே நடுக்கலவையை எடுத்து, முதல் பட்டையின் பாதிமீது ஏறும்படி இழுத்து இறங்குங்கள். அடிவானக் கலவையைக் கீழிருந்து மேலாகக் கொண்டுவந்து அதோடு சேருங்கள். கடைசியாக, துடைத்து ஏறத்தாழ உலர்ந்த தூரிகையைச் சேர்மானங்களின்மேல் எடையின்றிக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுங்கள்.

தூரிகை வழுக்காமல் பிடித்து இழுக்கத் தொடங்கும் கணம் ஒன்று வரும். காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல் வண்ணத்தின்மேல் தோல் படியத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அந்தக் கணத்தில் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் ஒரே ஒரு தீற்றல் என்று நினைத்துத் தொட்டால், பாதி காய்ந்த தோல் பெயர்ந்து அடித்தளம் தெரியும். உங்கள் படத்தில் திட்டுத்திட்டான இடங்கள் இருந்தால், அவை பெரும்பாலும் இப்படி வந்தவையாகத்தான் இருக்கும். முழுவதும் காயவிட்டு, அதே முறையில் இரண்டாவது பூச்சுக் கொடுங்கள். ஒரே பூச்சில் வழுவழுப்பான வானம் வருவது தேர்ந்த கைகளுக்கும் அரிது, இரண்டு மூன்று பூச்சுகளில் யாருக்கும் வரும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் என்ற திரவம் கடைகளில் கிடைக்கிறது; பாட்டிலில் சொன்ன அளவுக்குள் சேர்த்தால் நல்ல துணை, மீறினால் பூச்சு நாட்கணக்கில் பிசுபிசுக்கும். நீரையும் அளவாகவே சேர்க்க வேண்டும். நீர் மிகுந்தால் நிறமியைப் பிணைக்கும் பாலிமர் நீர்த்துப்போய்ப் பூச்சு வலுவிழக்கும். கண்ணாடித் தாள்போல ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சு வேண்டுமானால் நீருக்குப் பதில், நிறமி சேராத பாலிமர் திரவமான அக்ரிலிக் மீடியத்தைக் கலந்துகொள்ளுங்கள்.

வானம் அமைந்த பிறகு கோயிலுக்கு வருவது எளிது. முதலில் தூரத்து மரவரிசை, அடுத்துக் கோயிலின் பெரிய திரள், அதன் பின்னரே மண்டபத் தூண்கள் என்று பெரியதிலிருந்து சிறியதற்குச் செல்லுங்கள். நிழலையும் நடுத்தர நிறத்தையும் முதலில் வைத்து, வெயில் படும் விளிம்புகளைக் கடைசியில் வெளிச்சமாக ஏற்றுங்கள். அக்ரிலிக் அடர்த்தியாகப் பூசினால் அடியை மறைக்கும் என்பதால் இந்த வரிசை பொருந்தும். ஆற்றின் நடுவே அந்தக் கற்கோயில் நிற்பதால், நீரில் விழும் அதன் பிம்பத்தை மறந்துவிட வேண்டாம். பொதுவாக வெளிச்சமான பொருளின் பிம்பம் சற்று இருண்டும், இருண்ட பொருளின் பிம்பம் சற்று வெளிறியும் இருக்கும்.

ஒரு வேண்டுகோள். ஆற்றுக்கரையில் உட்கார்ந்து வரைந்தாலும் தூரிகையைத் தாமிரபரணியில் அலசாதீர்கள். அக்ரிலிக் கழிவு என்பது நுண்ணிய பிளாஸ்டிக்தான். தூரிகையில் இருப்பதை முதலில் பழந்துணியில் துடைத்தெடுங்கள். அலசிய நீரை வீட்டில் ஒரு வாளியில் தேக்கி, தெளிந்த பிறகு மேல்நீரை வடித்து, அடியில் படிந்ததை உலர்த்திக் குப்பையில் போடுங்கள். உடையில் பட்டால் ஈரமிருக்கும்போதே சோப்பு நீரில் கழுவ வேண்டும், காய்ந்துவிட்டால் பெரும்பாலும் போகாது.

வகுப்பு இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. மண்சட்டியும் மலையும் முடித்து, படங்கள் சில கையில் சேர்ந்த பிறகு, அவற்றைப் பார்த்து எங்கே ஒளி பிழைத்திருக்கிறது என்று சொல்லக்கூடிய ஓவிய ஆசிரியர் ஒருவரிடம் போனால், கட்டணத்துக்குப் பயன் இருக்கும். முறையான பட்டப்படிப்பு தேவைப்படுவோருக்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன.

பால்காய்ப்புக்குப் படம் தரலாம். கார்த்திகையில் மழை ஈரத்தால் அடிப்பூச்சுகள் மெதுவாகவே காயும் என்பதால், ஐப்பசியிலேயே தொடங்கிக் கார்த்திகை முடிவுக்குள் வரைந்து முடித்துவிடுங்கள். தொட்டால் காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இன்னும் சில நாட்கள் இருக்கும். ஆகவே இரண்டு வாரமேனும் விட்டு, அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு மெல்லிய பூச்சுக் கொடுங்கள். அக்ரிலிக் படலம் வெப்பத்தில் இளகி ஒட்டும் தன்மை உடையது. வெயிலில் நிறுத்திய காருக்குள் படத்தை விட வேண்டாம், இரண்டு படங்களை முகத்தோடு முகம் சேர்த்து அடுக்கவும் வேண்டாம். குமிழ் பிளாஸ்டிக்கை நேராகச் சுற்றினால் அந்தக் குமிழ்களின் தடம் வண்ணத்தில் பதிந்துவிடும். ஈரத்தட்டுக்கு வாங்கிய அதே பட்டர் பேப்பரை முதலில் படத்தின்மேல் போர்த்தி, அதற்கு மேல் அட்டை வைத்துக் கட்டுங்கள். மாட்டும் சுவர் புதுச் சுவர் என்றால் அதன் ஈரம் போர்டின் முதுகில் ஏறாதபடி, பின்புற நான்கு மூலைகளிலும் சிறு கார்க் துண்டுகளை ஒட்டிவிடச் சொல்லி அண்ணனிடம் கொடுங்கள்.